வெறும் தூக்குச்சட்டி

எதிர்வீட்டு அக்காவை நான் ஒருநாளும் வெறுங்கையோடு தெருவில் பார்த்ததில்லை. கையில் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி இருக்கும். மூடியோடு சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வாசல்படி இறங்குவாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படி. தெருவுக்கு வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் வீட்டுக்கோ அவசரமாகப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். முகத்தில்தான் அவசரம். கால் மெதுவாகத்தான் போகும்.

பார்க்கிறவர்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சோறு போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த வீட்டுக்கு என்று கேட்க மாட்டார்கள். பெரிய வீட்டு மருமகளை வழிமறித்துக் கேட்கிற துணிச்சல் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. கோயில் மதிலை ஒட்டி நடந்துவிட்டுப் பின்தெரு வழியாகத் திரும்பும்போதும் சட்டி அதே கட்டோடுதான் இருக்கும். அதையும் யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு கை அரிசியோ, வாழைப்பழமோ போட்டுத்தான் கொடுத்தனுப்புவார்கள். ஆகவே போகும்போதும் நிறைசட்டி, வரும்போதும் நிறைசட்டி. ஊர் அப்படித்தான் நம்பியது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எதற்கு இந்த நாடகம் என்று இன்றைக்குள்ள பிள்ளைகள் கேட்பார்கள். இப்போது விடிந்தும் விடியாமலும் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கையை வீசி வீசி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு பொம்பளைகள் கூட்டமாக நடக்கிறார்கள். யாராவது ஏன் என்று கேட்கிறார்களா? நான் சொல்கிற காலம் வேறு. சிவகிரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு நான் தென்காசிக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில். அப்போது ஒரு பொம்பளை தெருவில் நடந்தால் அந்த நடைக்கு ஒரு காரணம் வேண்டும். தண்ணீருக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், சாவு வீட்டுக்குப் போகலாம். சும்மா நடந்தால் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பியவள். எனக்கு அந்தக் கவலையே வந்ததில்லை. என் வீட்டுக்காரர் ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தா. தண்ணீர் எடுக்க, கடைக்குப் போக என்னை விட்டால் ஆள் இல்லாத வீடு. நான் உட்கார்வதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது.

அவள் வீடு அப்படியில்லை. அவள் புருஷனைத் தெருவே அண்ணாச்சி என்றுதான் சொல்லும். நிறைய வயல் உள்ள குடும்பம், கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்கிற குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் கால் வைப்பதில்லை என்பது அவர்களுக்கு ஒரு பெருமை. கோயில் கூப்பிடு தூரம்தான். அதற்கும் வில்வண்டி பூட்டுவார்கள். காளையைப் பிடித்து, மெத்தை விரித்து, திரை போட்டு, இவள் ஏறி உட்கார்வதற்குள் நான் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் திரைக்குப் பின்னால் இருந்துதான் அவள் தென்காசியைப் பார்த்தாள். நான் வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வண்டியில் ஏற முக்காலி போட்டார்கள். கொஞ்ச நாளில் முக்காலியில் ஏறுவதற்கே ஒருவர் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

முட்டு வலி. காலையில் எழுந்தால் முட்டு இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி மடங்காமல் நிற்கும். மடக்கினால் உள்ளே நறநறவென்று அரைபடும். என் கையைப் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறாள். வலிக்குப் பயந்து உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது காலை இழுத்து இழுத்து வைப்பாள். அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ளவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், பாவத்துக்குப் பயப்பட வேண்டும். செங்கோட்டைக்கு அப்பாலிருந்து வைத்தியரை வரவழைத்தார். தைலம், கிழி, கஷாயம் எல்லாம் நடந்தது. அசையாமல் கிடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். கிடந்தாள். கிடக்கக் கிடக்கத் தொடை இளைத்தது, முட்டு மட்டும் புடைத்துத் தெரிந்தது.

அவளுக்கு வலியைப் பற்றிப் பயம் இல்லை. புளியறை அவள் பிறந்த ஊர். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் முட்டு மடங்கிப் போய்க் கடைசியில் கிடையில் விழுந்தவள். மருமகள்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்தும் காலைப் பிடித்தும் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம். பார்க்கப் போன இவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். உள்ளே ஒருத்தி மற்றவளிடம், இந்தக் கட்டைக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கியோ என்று சலித்துக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பாள் அக்கா.

"சாகப் பயமில்ல தங்கச்சி. ஒருத்தர் தூக்கி எறக்குற சாமானா நான் ஆயிரக் கூடாது. அது ஒண்ணு மட்டும் வேண்டாம்," என்றாள் ஒருநாள்.

அவள் நடந்தது அதற்காகத்தான். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இருந்ததாக நான் அறியேன்.

நடக்கச் சொன்னது ஒரு லேடி டாக்டர். அக்காவின் ஒரே மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது பார்க்க வந்தவர், மலையாளத்துக்காரர். மகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிற நேரத்தில் கட்டிலில் கிடந்த அக்காவையும் பார்த்தார். முட்டை அமுக்கிப் பார்த்து, மடக்கி நீட்டிவிட்டு, இது படுத்தால் போகிற நோவு இல்லை என்று சொல்லிவிட்டார். தரையில் சம்மணம் போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சமதரையில் தினமும் நடக்க வேண்டும். முதலில் கொஞ்ச தூரம். பழகப் பழக அதிகம். குதிகாலை முதலில் ஊன்றி, அப்புறம் விரலை வைக்க வேண்டும். வலிக்கிற காலை இழுக்காமல் இரண்டு காலுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும். வீங்கினால் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட்டுவிடக் கூடாது. தொடைச் சதை வலுத்தால்தான் முட்டைத் தாங்கும் என்றார்.

"வலிக்கும். வலிச்சாலும் நடக்கணும், கேட்டோ," என்று போகும்போது திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னார்.

எங்கே நடக்க என்று அக்கா கேட்டிருக்கிறாள். டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ரோட்டில்தான், வேறு எங்கே என்றாராம். படித்த பெண், கையில் பையோடு தனியாக ஊரெல்லாம் சுற்றி வருகிறவர். அவருக்கு எப்படிப் புரியும்?

முதலில் வீட்டுக்குள் நடந்து பார்த்தாள். எங்கள் தெரு வீடுகள் ரயில் மாதிரி நீளம். தெருவாசலிலிருந்து முன்கூடமான பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுக்களை என்று புறவாசல் வரை ஒரே நேராகப் போகும். ஆனால் கட்டுக்குக் கட்டு உயரமான நிலைப்படி. தாண்டும்போதெல்லாம் முட்டில் குத்தும். போதாததற்கு அண்ணாச்சியின் தங்கை ஒருத்தி, புருஷனை இழந்து அந்த வீட்டோடு வந்து இருந்தவள். விளக்கு வைக்கிற நேரத்தில் இப்படி உள்ளுக்கும் வெளிக்கும் அலைந்தால் லட்சுமி எப்படித் தங்குவாள் என்று ஆரம்பித்தாள். அண்ணாச்சியும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, கூண்டில் அடைத்த நரி மாதிரி எதற்கு நடக்கிறாய் என்று கேட்டார். அதோடு அது நின்றது.

ஆனியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் வீடு பிடித்தார்கள். அருவித் தண்ணீர் முட்டில் அடித்தால் வாதம் பறந்துவிடும் என்று அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். துணைக்கு வா என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே அனுப்பி வைத்தார். அந்த ஒரு மாதம்தான் அவள் சிரித்து நான் பார்த்தது.

குற்றாலத்தில் சீசன் சமயம் எல்லோரும் நடக்கிறார்கள். உடம்பெல்லாம் எண்ணெய், தோளில் துண்டு, கையில் கிண்ணம். ஜமீன் வீட்டுப் பெண்ணும் கூலி வேலை செய்கிறவளும் ஒரே ரோட்டில் ஈரத் தலையோடு போவார்கள், வருவார்கள். யார் வீட்டு மருமகள் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அக்கா இரண்டு நாள் அதைக் கவனித்தாள். மூன்றாம் நாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போகிற பாதையில் நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, இந்தக் கிண்ணம் கையில இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க," என்று என் காதோடு சொல்லிச் சிரித்தாள்.

முதலில் பக்கத்து வளைவு வரைக்கும்தான் போனோம். பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகால், விரல், குதிகால், விரல் என்று முணுமுணுத்தபடி வருவாள். நின்றுவிடுவோமா அக்கா என்று கேட்டால், வலி பாட்டுக்கு வலி வரட்டும், அதுக்காக நாம உக்காந்து அதுக்குப் பந்தியா போட முடியும் என்பாள். ஓய்வெடுக்க மதகுச் சுவரில் உட்கார்வாள், தரையில் உட்கார மாட்டாள். ஒருநாள் குரங்கு ஒன்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அவ்வளவுதான், நடுரோட்டில் நின்றுவிட்டாள். கை வெறுமையாக இருக்கிறது, ஏதாவது கொடு என்றாள். என் ஈரத் துண்டை மடித்துக் கொடுத்த பிறகுதான் கால் நகர்ந்தது. அருவியில் அவள் நின்றதே இல்லை. பாறை வழுக்கும் என்று பயம். ஓரமாக நின்று தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

மாதக் கடைசியில் அவள் இழுத்து நடக்கவில்லை. உடம்பு நிமிர்ந்திருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு மனம் குளிர்ந்துபோய்க் குற்றாலநாதருக்கு அபிஷேகம் செய்தார். ஊருக்கு வந்து எல்லோரிடமும் அருவியின் மகிமையைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உண்மையைச் சொல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பேர் அருவிக்கே போகட்டும், எனக்குக் கால் போதும் என்றாள்.

தென்காசிக்கு வந்ததும் மறுபடி வில்வண்டி. ஐப்பசி மழை வருவதற்குள் மறுபடி இழுப்பு. அடுத்த ஆனி வரட்டும் என்றார் அண்ணாச்சி. அருவிக்குச் சீசன் உண்டு, முட்டு வலிக்குச் சீசன் உண்டா? அந்தச் சமயத்தில் பின்தெருவில் அவர்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றாள். பத்தியச் சோறு கொண்டுபோக வேண்டும். வண்டிக்காளைக்குக் கால் புண். பக்கத்தில்தானே, நானே கொண்டு போகிறேன் என்று அக்கா தூக்குச்சட்டியை எடுத்தாள். சொந்தக்காரர்கள் காரியம் என்பதால் அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தீட்டுக் கழிந்து, பிள்ளைக்குப் பேர் வைத்து, எல்லாம் முடிந்தது. அக்கா மட்டும் தினமும் சட்டியோடு போய்க்கொண்டிருந்தாள். வேறு யாரோ பெற்றிருக்கிறாள் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். அவர்கள் சொந்தத்தில் எப்போதும் யாராவது பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். பாரமாக இருக்கிறதா என்று சட்டியை வாங்கினேன். என் கை மேலே போய்விட்டது, அவ்வளவு லேசு. அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒரு கை அரிசியாவது போட்டுக்கொள்ளக் கூடாதா அக்கா என்றேன். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள் என்றாள் முதலில். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அன்னத்தை வெளியே கொண்டுபோய் யாருக்கும் கொடுக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது பாவம் இல்லையா என்று கேட்டாள். பொய் சொல்வதிலும் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. தெருக்கோடி வீட்டுக்காரர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் புறப்பட்ட காலையில் அக்கா எதிரே வந்துவிட்டாள். சுமங்கலி, நெற்றி நிறையக் குங்குமம், கையில் நிறைசட்டி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். போன இடத்தில் சம்பந்தம் முடிந்தது. அடுத்து இன்னொரு வீட்டுப் பையனுக்கு இவள் எதிரே வந்த நாளில் வேலைக்கு உத்தரவு வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் எங்கள் தெருவுக்கு அது போதாதா? நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் குடையும் துண்டுமாக நடையில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அக்கா தலை தெரிந்ததும் வெளியே இறங்குவார்கள். சில பேர் அவள் வர நேரமானால் என் வீட்டில் வந்து கேட்பார்கள்.

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. வில்வண்டி என்ற பேச்சே போய்விட்டது. வாசலில் நின்று அவள் படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்காதான் பயந்தாள். என்னைச் சாமியாக்குகிறார்களே, இது எதில் போய் முடியுமோ என்று புலம்புவாள். இருந்தாலும் விடவில்லை. இரண்டு வருஷம் போல நடந்தாள். மழையானாலும் பனியானாலும் நடந்தாள். கட்டிலிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். நடை சீராயிற்று. வலி அடியோடு போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற அளவுக்கு அடங்கியிருந்தது.

தெருக்கோடி வீட்டு மகள் புருஷன் வீட்டிலிருந்து அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அதே சமயத்தில் அண்ணாச்சிக்கு ஒரு வயல் வழக்கு. தீர்ப்பு நாளன்று நேரம் பார்த்து அக்காவை எதிரே வரவைத்துத்தான் கோர்ட்டுக்குப் போனார். தோற்றுப்போனார். வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சொந்தத்தில் இப்போது பிள்ளை பெற்றவர்கள் யாருமே இல்லை. அப்படியானால் இவள் தினமும் இந்த வீட்டு அரிசியை யாருக்குக் கடத்துகிறாள்? புளியறைத் தம்பிக்கா?

மறுநாள் காலை அக்கா திரும்பி வரும்போது வாசலில் வைத்தே சட்டியைப் பிடுங்கினாள். தெருவில் ஆட்கள் நின்றார்கள். நானும் கோலம் போட்ட கையோடு நின்றேன். துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து, கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பருக்கை விழவில்லை.

திருட்டு இல்லை என்று தெரிந்து நாத்தனார் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மனுஷர் புத்தி அப்படிப் போகாது. வெறுஞ்சட்டியையா இத்தனை நாளும் எதிரே கொண்டுவந்தாள் என்று ஒரு குரல் வந்தது. யார் சொன்னது என்று தெரியவில்லை. வெறுங்குடம் எதிரே வந்தாலே புறப்பட்ட காரியத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற ஊர். வாழாமல் வந்த பெண், தோற்ற வழக்கு, செத்த மாடு, பொய்த்த மழை எல்லாம் அந்தச் சட்டிக்குள் வந்து விழுந்தது. முடிந்த சம்பந்தத்தையும் கிடைத்த வேலையையும் யாரும் பேசவில்லை. தெருக்கோடி வீட்டு அம்மா வந்து, என் மகள் வாழ்க்கையையும் இந்தச் சட்டி மாதிரி ஆக்கிவிட்டாயே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவிழ்ந்து கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முட்டு வலிக்கு நடந்தேன் என்று சொன்னால் அது யாருக்குப் புரியும்?

அண்ணாச்சி அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. "இனிமே நீ நடக்காத," என்றார். அவ்வளவுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் தடுத்தும் கேளாமல் போய், டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த சீசனுக்கு அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் தங்கச்சி என்றார். கூட்டிக்கொண்டும் போனார். தென்காசிக்காரர்கள் கண்ணில் பட்டு அவமானப்பட வேண்டாம் என்று ரோட்டில் இறங்க விடவில்லை. இரண்டு பொம்பளைகள் அவளை அருவிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் விழுகிற இடத்தில் உட்கார வைத்தார்களாம். எதற்குப் பயந்தாளோ அதுவே. என் வயிறு எரிந்தது. இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

உட்கார வைத்த கால் உட்கார்ந்துவிட்டது. வருஷம் போகப் போக அவள் உலகம் இரண்டாங்கட்டில் கிடந்த ஒரு நாற்காலி அளவுக்குக் குறுகிவிட்டது. எழுந்து நிற்க இரண்டு ஆள் வேண்டும். நாத்தனார் தூக்குவாள், தூக்கும்போது வாய் சும்மா இருக்காது. நான் போனால் அக்கா காலை நீட்டி வைத்துக்கொண்டு, தொடைச் சதையைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நடக்கலாமா அக்கா, நான் பிடித்துக்கொள்கிறேன் என்பேன். அவள் அண்ணாச்சி இருக்கிற முன்பக்கத்தைப் பார்ப்பாள். வேண்டாம் என்று தலையசைப்பாள்.

அறுபதுகளின் பாதியில், மாசித் தேரோட்டத்தன்று பகல். தெருவே தேர் இழுக்கப் போயிருந்தது. நாத்தனாரும் போயிருந்தாள். பாதித் தேருக்கு மேல் நிற்க எனக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை, வீட்டுக்குத் திரும்பினேன். எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பட்டாசாலைக் கட்டிலில் அண்ணாச்சி சட்டையைக்கூடக் கழற்றாமல் கிடந்தார். தேர் வடம் தொட்ட இடத்தில் நெஞ்சு வலி வந்து, யாரிடமும் சொல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் தொட்டுப் பார்த்தபோது கை குளிர்ந்திருந்தது.

உள்ளே ஓடினேன். அக்கா நாற்காலியில் இல்லை. இரண்டாங்கட்டைத் தாண்டுகிற நிலைப்படியில், கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவழ்ந்து வந்திருக்கிறாள். முட்டு இரண்டும் உரசி ரத்தம். சேலை வேர்வையில் ஊறியிருந்தது.

இருக்காகளா என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நெஞ்சு வலிக்குன்னு சொன்னாக. வா வான்னு கூப்பிட்டாக. வாரேன், வாரேன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தேன். படியில கால் ஏறல. அப்புறம் சத்தம் இல்ல," என்றாள். பிடித்த நிலையை விடாமல், "நடக்காதன்னு சொன்னதும் அந்த வாய்தான தங்கச்சி," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஊர் கூடிவிட்டது. தேர் பார்க்கப் போனவர்கள் அத்தனை பேரும் வந்து பட்டாசாலையில் அடைத்துக்கொண்டார்கள். பொம்பளைகள் அக்காவைச் சுற்றி ஒப்பாரி வைத்தார்கள். இரண்டு பேர் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள், நாத்தனார் காலைப் பிடிக்கக் குனிந்தாள். அக்கா மூன்று பேரையும் உதறினாள். சுவரைப் பிடித்தாள். பிடித்துப் பிடித்து எழுந்தாள். நிலைப்படியில் ஒரு காலை வைத்து, நின்று, மறு காலையும் கொண்டுவந்து சேர்த்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. போனால் என்னையும் உதறியிருப்பாள்.

அந்த நீளத்தைக் கடக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒப்பாரி நின்றுவிட்டது. ஆம்பிளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். கட்டிலில் அண்ணாச்சி அவள் வருவதற்காகக் காத்துக் கிடந்தார். அன்றைக்கு அவளை நடக்காதே என்று யாரும் சொல்லவில்லை.